வெள்ளிக்கிழமை லீவு

மாலத்தீவில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. எங்கள் ஊர் பொன்னேரியில் அது நல்ல நாள். அதனால் எங்கள் வீட்டு விசேஷமெல்லாம் நான் தூங்க வேண்டிய அன்றுதான் வந்து விழும்.

அன்றும் வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்திய தொண்டையோடு படுத்திருந்தேன். தம்பி வீடியோ காலில் வந்தான். வயலில் போர் போட வண்டி வந்து நிற்கிறதாம்.

"மூத்த புள்ள வாயால சொல்லாம ஆரம்பிக்கக் கூடாதுன்னு நைனா பேஜாரு பண்ணிக்கினு கீறாருண்ணா."

அறையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வந்தது. லுங்கியோடு படகுத்துறைக்கு ஓடினேன். "ஆரம்பிங்க! ஆரம்பிங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். வண்டி இரைச்சலில் அங்கே எதுவும் கேட்கவில்லை. மறுபடியும் கத்தினேன்.

பார்த்துக்கொண்டிருந்த தீவுக்காரர்கள், எனக்கு ஊரில் யாரோ செத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். யார் கேட்டார்கள்? பக்கத்து வீட்டம்மா மீன் குழம்பும் ரொட்டியும் கொண்டுவந்தார். மீனவர்கள் மாறி மாறி என் தோளைத் தடவிக்கொடுத்தார்கள். தூக்கம் போனதுதான் மிச்சம்.

சாயங்காலம் அதே படகுத்துறையில் தம்பியின் அழைப்பு மறுபடி வந்தது. அவனுக்குப் பின்னால் குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. ஒரு கை அள்ளிக் குடித்தவன் உடனே துப்பினான்.

"கடல் தண்ணி மாதிரி உப்பு கரிக்குதுண்ணா."

நைனா அப்படியே வரப்பில் உட்கார்ந்தார். சுற்றிலும் கடலாக இருந்த இடத்தில் நானும் உட்கார்ந்தேன். துறையில் நின்றிருந்த பக்கத்து வீட்டம்மா என் முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தார்.

இந்த முறை நான் தலையாட்டவில்லை.