எர்மா வீட்டுப் பச்சை வியாழன்

எர்மா லைன்பாக்கின் கோபம் பென்சில்வேனியாவின் அந்தச் சின்ன ஊரில் பிரசித்தம். காலுறை ஆலையில் வேலை பார்த்த நாளில், பெண்கள் அடிக்கடி போகிறார்கள் என்று மேஸ்திரி கழிப்பறையைப் பூட்டிவிட்டான். எர்மா அவன் தொப்பியை எடுத்து ஜன்னல் வழியாக ஆற்றில் வீசினாள். வேலை போகவில்லை. பூட்டுதான் போனது.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் லமார். மாட்டுத் தீவன லாரி ஓட்டுகிறவன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். எதற்கும் சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டப்படி நடப்பான். பஞ்சு மூட்டையைக் குத்துவது போல அவனோடு சண்டை போட்டுப் பாதி ஆயுளைக் கழித்துவிட்டாள்.

அவனுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. இடது காலின் சுண்டுவிரலை எடுத்த பிறகு ரொட்டி, உருளைக்கிழங்கு, இனிப்பு எல்லாவற்றையும் டாக்டர் நிறுத்தச் சொன்னார். டச்சுக்காரர்கள் என்று ஊரார் சொல்லும் அந்த ஜெர்மன் வம்சத்தாருக்கு இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மேசையில் மிச்சமிருப்பது உப்புக் குப்பிதான். எர்மா அசரவில்லை. வசந்தத்தில் வேலியோரம் முளைக்கும் டேண்டலியன் கீரையைப் பூ விடும் முன்னே பிடுங்கி வந்தாள். பேக்கன் என்ற உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டுகளை மொறுமொறுவென்று வறுத்து எடுத்துவிட்டு, சட்டியில் நின்ற பன்றிக்கொழுப்பில் காடியும் கடுகு விழுதும் விட்டு, அடித்த முட்டையைச் சேர்த்துக் கிண்டி, சூடு ஆறுமுன் கீரைமேல் ஊற்றினாள். அவள் அம்மா காலத்திலிருந்து அந்தக் குழம்பில் சர்க்கரையும் மாவும் சேரும். இரண்டையும் விட்டுவிட்டு, கெட்டிக்குப் பாலாடை சேர்த்தாள். கால் மணி நேர வேலை.

லமார் தின்றான். “நல்லாருக்கு” என்றான்.

ஆனால் சர்க்கரை இறங்கவில்லை. எர்மா தன் சமையலையே சந்தேகப்பட்டாள். வெங்காயத்தை நிறுத்தினாள். பாலாடையையும் நிறுத்தினாள். அப்போதும் இறங்கவில்லை. டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, “வீட்ல இவருக்கு என்னதாம்மா போடுறீங்க?” என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக எர்மாவுக்கு வாய் எழவில்லை. பக்கத்து நாற்காலியில் லமார் தன் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஈஸ்டருக்கு முந்திய பச்சை வியாழன் வந்தது. அன்றைக்குப் பச்சை தின்னாதவன் கழுதையாகிவிடுவான் என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. லமாரின் அக்கா பாலின் சாப்பிட வந்திருந்தாள். காடி தீர்ந்துபோய், எர்மா நிலவறைக்குப் போய் இன்னொரு குப்பி எடுத்து வந்தாள். திரும்பி வந்து பார்த்தால், பாலின் சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்பிலிருந்த சட்டியில் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். லமார் மேசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன பண்ற?”

“அவன் மூஞ்சியப் பாரு, பாவமா இருக்கு. ஒரு கரண்டில செத்தா போயிடுவான்?” என்றாள் பாலின். “வாரா வாரம் என் வீட்ல வெல்லப்பாகு கேக் தின்னுட்டுத்தான் போறான். என்ன ஆயிடுச்சு இப்போ? நீதான் மாட்டுக்குப் போடுற மாதிரி தழையா போடுற.”

எர்மா லமாரைப் பார்த்தாள். அவன் மேசை விரிப்பைப் பார்த்தான்.

அவள் சட்டியைத் தூக்கிக் கொல்லைக் கதவைத் திறந்து, குழம்பு முழுவதையும் சேற்றில் கொட்டினாள். திரும்பி வந்து காலிச் சட்டியை லமார் முன்னால் வைத்தாள்.

“எந்திரி. இனிமே உன் சாப்பாட்ட நீயே பண்ணு.”

“ஆம்பளைய அடுப்புல நிக்க வைக்கிறியா?” என்றாள் பாலின்.

“அடுத்தது கால் போகும். போனா அவன உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. கேக்கும் குடு, பீத்துணியும் தொவை. நான் வந்து வேடிக்கை பாக்குறேன்.”

பாலின் கோட்டை மாட்டிக்கொண்டு, கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

லமார் சமைத்தான். பேக்கன் கரிந்தது. கொதிக்கிற கொழுப்பில் காடியை மொத்தமாக ஊற்றியதில் சுரீரென்று தெறித்து மணிக்கட்டு பொத்துப்போனது. முட்டை திரிந்து கட்டி கட்டியாக மிதந்தது. எர்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாளே தவிர எழுந்திருக்கவில்லை. அவன் அதைக் கீரையில் ஊற்றி ஒரு வாய் தின்றான்.

“கேவலமா இருக்கு.”

“தெரியும். தின்னு.”

இன்னொரு வாய் தின்றுவிட்டு, “சொன்னா நீ கத்துவன்னு சொல்லல, எர்மா” என்றான்.

“கத்தியிருப்பேன். கத்திட்டு விட்டிருப்பேன். டாக்டர் என்னைக் கேட்டாரே, என்னத்தப் போடுறேன்னு. பக்கத்துலதானே உக்காந்திருந்த? நான் ஏதோ உனக்கு வெஷம் வச்ச மாதிரி அந்த ஆளு பாத்தப்பவும் உன் வாய் தெறக்கலியே. எனக்கு எரியறது கேக்குக்கு இல்லடா, அதுக்கு.”

அவன் தட்டில் மிச்சமிருந்ததையும் தின்று முடித்தான்.

அன்றிலிருந்து அவன் தட்டுக்கு அவனே பொறுப்பு. கோடையில் கீரை மாறியது. தோட்டத்து லெட்டூஸ் வந்தது, பிறகு முட்டைக்கோஸ். காடியைச் சொட்டுச் சொட்டாக விடவும், முட்டையை அடுப்பிலிருந்து இறக்கிய பின் சேர்க்கவும் தானாகவே கற்றுக்கொண்டான். பாலின் வீட்டுப் பக்கம் லாரி திரும்பவில்லை.

இலையுதிர் காலத்தில் டாக்டர் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு எர்மாவைப் பார்த்துச் சிரித்தார். “இப்பதான் சரியா சமைக்கிறீங்க.”

எர்மா வாயைத் திறக்குமுன் லமார் பேசினான். “அவ அப்பவும் சரியாத்தான் சமைச்சா, டாக்டர். நான்தான் திருட்டுத்தனமா அக்கா வீட்ல கேக் தின்னேன். நீங்க அவளக் கேட்டப்ப பயந்து கம்முனு இருந்துட்டேன்.”

காரில் ஏறியதும் எர்மா ஆரம்பித்தாள். இதைச் சொல்ல உனக்கு இத்தனை மாதமா என்று தொடங்கி, கல்யாணத்தன்று அவன் தாமதமாக வந்ததுவரை போய், வீட்டு வாசலில்தான் நிறுத்தினாள். அவன் நடுவில் ஒரு இடத்தில், “போதும், நிறுத்து” என்று சத்தமாகவே சொன்னான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் பலமாகத் தொடர்ந்தாள்.

பாலினோடு மட்டும் அவள் இன்றுவரை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள், லமார் நடுவில். பாட்டுப் புத்தகம் கைமாற வேண்டுமென்றால்கூட அவன் வழியாகத்தான் போகும்.