எருமைக்கன்றின் மேல் சிவப்பு அம்புகள்

என் மகள் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறாள். ஆம்பூரில் இதை ஒருவருக்குப் புரிய வைப்பதற்குள் டீ ஆறிவிடும். "டிராயிங் மிஸ்ஸா?" என்பார்கள். இல்லை, புத்தகத்துக்கு என்பேன். "அது சரி சார், வேலைக்கு எங்க போறா?" என்பார்கள். அந்த இடத்தில் எனக்கு எப்போதும் இருமல் வந்துவிடும்.

எங்களுடையது செருப்பு சோறு போடும் குடும்பம். நான் ஒரு ஷூ கம்பெனி அலுவலகத்தில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்கிறேன். என் மனைவி வேறொரு கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருக்கிறாள். ஷூ பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாகப் பார்ப்பது அவள் கண்கள்தான். கீறல், சுருக்கம், நிற வித்தியாசம், ஜோடி சேராமை என்று எது இருந்தாலும் அந்த இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். சரி செய்கிறவர் அம்பு காட்டும் இடத்தைச் சரி செய்துவிட்டு ஸ்டிக்கரை உரித்து எறிவார். தோலில் தடமே இருக்காது. அவள் கைப்பையில் சில்லறைக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவே அந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று எப்போதும் கிடக்கும். இப்போது இல்லை. நான்தான் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

மகள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தபோது நாங்கள் சண்டை போடவில்லை. சண்டை போடும் அளவுக்கு எங்களுக்கு மூச்சு வரவில்லை. ஒரு வருடம் எங்கெங்கோ படங்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். கடைசியில் குழந்தைகள் புத்தகம் போடும் ஒரு பதிப்பகம் முதல் புத்தகத்தைக் கொடுத்தது. மழைக்குப் பயப்படும் ஒரு எருமைக்கன்று, அதை வீட்டுக்கு ஓட்டி வரும் ஒரு சின்னப் பெண். அவ்வளவுதான் கதை. ஏற்கெனவே வரைய ஒப்புக்கொண்ட ஓவியர் பாதியில் விலகிவிட்டதால் அவகாசம் குறைவு. பதிப்பாசிரியர் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பெங்களூர் போகிறார், அச்சு வேலை அங்கேதான். ஜோலார்பேட்டையில் வண்டி நிற்கும்போது படங்களை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். தவறினால் பெங்களூரிலேயே தயாராக இருக்கும் வேறொருவருக்குப் புத்தகம் போய்விடும். இதை அவர் மிக இனிமையாகச் சொன்னாராம்.

"இது போச்சுன்னா திரும்ப கம்பெனிக்கே போய்டறேன்ப்பா" என்றாள் மகள். "போராடிப் பாத்துட்டேன்னு இருக்கும்."

போகட்டும் என்று ஒரு நாள் நினைப்பேன், போகக்கூடாது என்று மறுநாள். சாமிக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

எங்கள் சாப்பாட்டு மேஜை அவள் மேஜை ஆனது. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் போய் எருமைக்கன்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். கொட்டகைக்காரருக்கு முதலில் சந்தேகம்.

"வாங்கறியாம்மா?"

"இல்லீங்க, படம் போடறேன்."

"கன்னுக்குப் படம் போட்டு இன்னா பண்ணுவ? கண்ணு கிண்ணு பட்டுச்சுன்னா தாய் எருமை பால் குடுக்காது. ஒதுங்கி நின்னு போட்டுக்க."

ஒதுங்கி நின்றே வரைந்தாள். கன்று கழுத்தைத் திருப்பும்போது விழும் மடிப்புகள், உண்ணி கடித்த தழும்பு, ஒன்று சற்றுத் தூக்கலாக முளைத்த கொம்பு என எல்லாவற்றையும் கொண்டுவந்து காகிதத்தில் இறக்கினாள். "தழும்பு இருந்தாத்தான்ப்பா அது இந்தக் கன்னு. இல்லன்னா எந்தக் கன்னோ" என்பாள்.

பக்கத்து வீட்டு பாய் தோல் வியாபாரி. என் நெடுநாள் தோஸ்த். ஒரு மாலை வந்து மேஜையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாருக்கும்மா. இன்னா, தோல் இருபது ஸ்கொயர் ஃபீட் வருமா?"

"மாமா! அது உயிரோட இருக்குது."

"இருக்கட்டும் இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். நான் கேக்கல."

சனிக்கிழமை மாலை கடைசிப் படம் முடிந்தது. மகளின் கண்கள் பாதி மூடியிருந்தன. அம்மாவிடம், "காலைல ஒரு வாட்டி பாரும்மா. எதுனா தப்பு தெரிஞ்சா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். உலகத்தில் எத்தனையோ மகள்கள் அம்மாக்களிடம் இப்படிச் சொல்கிறார்கள். ஒன்றும் ஆவதில்லை.

என் மனைவி விடுமுறையிலும் ஐந்து மணிக்கு எழுகிறவள். நான் எழுந்து வந்தபோது மேஜையில் படங்கள் இரண்டு அடுக்காக இருந்தன. ஒரு அடுக்கில் மூன்றே படங்கள். மற்றதில் மீதி அத்தனையும். அவள் காபி குடித்துக்கொண்டு, வேலையை முடித்தவரின் நிம்மதியோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாது இது?"

"இது பாஸ். இது ரிஜெக்ட்."

ரிஜெக்ட் அடுக்கின் மேல் படத்தைப் பார்த்தேன். கன்றின் கழுத்தில் நாலு சிவப்பு அம்புகள். முதுகில் ஒன்று, கொம்புக்கு ஒன்று.

"கழுத்துல சுருக்கம் பாருங்க. முதுகுல உண்ணிக் கடி. கொம்பு ரெண்டும் ஜோடி சேரல. இந்தப் படத்துல கன்னு கருப்பா இருக்குது, இந்தப் படத்துல வெளுப்பா இருக்குது. ஒரே லாட்டுல ரெண்டு ஷேடு எப்படிங்க வரும்?" அடுத்த படத்தை எடுத்தாள். மேலே இடது பக்கம் வெறுமையாக விட்டிருந்த வானத்தில் ஒரு அம்பு. "இங்க கலரே அடிக்காம வுட்டுட்டா. தூக்கக் கலக்கம் போல, பாவம்."

"அங்கதான்டி கதையை எழுதுவாங்க!"

அவள் முகம் லேசாக மாறியது. "அப்ப அத எடுத்துடலாம்" என்று நகத்தால் அம்பை நெம்பினாள். ஸ்டிக்கர் வந்தது. கூடவே வானமும் வந்தது. காகிதத்தின் மேல்தோலே உரிந்து, அம்பு வடிவத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டதில்லை.

"தோலுல இப்படி வராதுங்க" என்றாள் சன்னமாக.

மகளை எழுப்பலாமா, அல்லது எழுப்பாமல் நாங்கள் இருவரும் எங்காவது போய்விடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் வந்து நின்றாள். மேஜையைப் பார்த்தாள். ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். அழவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நீதான பாக்கச் சொன்ன" என்றாள் என் மனைவி.

"சொல்லத்தானம்மா சொன்னேன். ஒட்டச் சொன்னனா?"

"கம்பெனில சொல்றதுன்னாலே ஒட்றதுதான்."

மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திடீரென்று அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் சிரிப்பு. பிறகு அது அழுகையாக மாறியது. பிறகு எதுவென்று தெரியவில்லை.

அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு தூரிகையை எடுத்தாள். தலை உலர்த்தும் மெஷினைக் காட்டிச் சூடாக்கினால் பசை இளகும் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். முதல் அம்பு நன்றாகவே வந்தது. இரண்டாவதற்கு நான் கொஞ்சம் ஜாஸ்தி சூடு காட்டிவிட்டேன். காகிதம் அப்பளமாக நெளிந்தது. அத்தோடு என்னை அந்தப் பொறுப்பிலிருந்து விடுவித்தார்கள். அவளே ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, மேல்தோல் போன இடங்களில் புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்தாள். உரிந்த காகிதம் வண்ணத்தை உறிஞ்சிக் கருத்தது. கழுத்தில் சில மடிப்புகள் கூடின. வானத்தில் ஒரு மேகம் கூடியது. முதுகிலிருந்த அம்புத் தழும்பின் மேல் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்தது.

அவள் அம்மா சமைக்கவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

நேரம் போய்விட்டது. பஸ்ஸை நம்ப முடியாது. பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தோல் ஏற்றும் தன் வேனை எடுத்தார். "பேஜாராவாதம்மா. ஜோலார்பேட்டைதான? நம்ம வண்டி பறக்கும்." பறக்கவில்லை. அதுதான் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் கடைசிப் படம் இன்னும் முடியவில்லை. மகள் பின்னால் உட்கார்ந்து மடியில் பலகையை வைத்து வரைந்தாள். தண்ணீர்க் குவளையை நான் பிடித்துக்கொண்டேன். என் மனைவி முன் சீட்டில், பின்னால் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, ஸ்பீடு பிரேக்கர் வந்தா சொல்லுங்க."

"வருது... வருது... வந்துடுச்சு."

"வர்றதுக்கு முன்னாடி சொல்லணும் மாமா!"

"முன்னாடிதான சொன்னேன், வருது வருதுன்னு?"

கன்றுக்கு இல்லாத ஒரு மீசை முளைத்தது. வாணியம்பாடி வருவதற்குள் அதை ஒரு புல்லாக மாற்றிவிட்டாள். கன்று புல் தின்கிறது. கதையில் அது கிடையாது. இருந்தால் என்ன, எருமை புல் தின்னாதா?

ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் நாங்கள் நுழையும்போது வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது. பெட்டியைத் தேடி ஓடினோம். கதவருகே பதிப்பாசிரியர் அம்மா நின்றிருந்தார். நரைத்த குட்டை முடி, பருத்திப் புடவை. உறையை வாங்கி அங்கேயே பிரித்தார். படங்களைப் புரட்டினார். என் மனைவி தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள். தான் பக்கத்தில் வந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று பயம்.

"அந்தக் கழுத்து!" என்றார் அவர். "எவ்வளவு நல்லா இருக்கு. தொடலாம் போல இருக்கு."

இன்னொரு படத்தில் நின்றார். "கொக்கு ஸ்கெட்ச்ல இல்லையே?"

"பின்னாடி வந்துச்சு மேடம்."

"இருக்கட்டும்." இன்னொன்றைப் புரட்டினார். முந்தையதை மறுபடி எடுத்தார். இரண்டையும் அருகருகே பிடித்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். வண்டி ஊதியது.

"இந்தப் பொண்ணு முந்தின பக்கத்துல செருப்பு போட்டிருக்கா. இந்தப் பக்கத்துல வெறுங்கால். அடுத்ததுல திரும்பவும் செருப்பு. செருப்பு எங்க போச்சு?"

பிளாட்பாரத்தில் அந்த நேரம் நின்றவர்களில் ஒருத்தி பதினெட்டு வருடமாக ஷூ செக்கிங்கில் இருப்பவள். ஒருவன் வாழ்நாளெல்லாம் செருப்புக்குக் காகிதம் எழுதியவன். இன்னொருவர் செருப்புக்குத் தோல் விற்பவர். நாலாவது ஆள் இந்த மூன்று பேருக்கு நடுவில் வளர்ந்து, அந்தக் கால்களை வரைந்தவள்.

"இந்த ஒரு பக்கத்தை மட்டும் திருத்தி கூரியர்ல அனுப்பிடு. மத்ததெல்லாம் அச்சுக்குப் போகுது" என்றார் அவர். வண்டி நகர்ந்தது. அந்த ஒரு படத்தை மகள் கையில் கொடுத்துவிட்டு, மீதியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மத்ததெல்லாம் அச்சுக்குப் போகுது என்ற வார்த்தை எனக்கு உறைக்க வண்டியின் கடைசிப் பெட்டி போக வேண்டியிருந்தது. பாய் எல்லோருக்கும் டீ வாங்கினார். புத்தகம் அவளுடையது. இனி யாராவது கேட்டால் எனக்கு இருமல் வரக்கூடாது. அதை ஒரு வேண்டுதலாகவே வைத்திருக்கிறேன்.

திரும்பும் வழியில், அந்தச் செருப்பைத் தவறவிட்டதில் என் மனைவி இடிந்து போயிருந்தாள். ஸ்டிக்கர் ஒட்டியதற்காகக்கூட அவள் அப்படி இடிந்து போகவில்லை. அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி, கைபடாமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வேன் குலுங்கக் குலுங்கப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆம்பூர் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு கால்லயும் இல்லியா?"

"ரெண்டுலயும் இல்லம்மா."

"அதான்" என்றாள். "ஒரு கால்ல மட்டும் இல்லாம இருந்திருந்தா புடிச்சிருப்பேன்."