பூட்டு வைத்த ஆம்ப்ளிஃபயர்

சித்திரை மாதத்தில் கூடத்தில் வால்வு ஆம்ப்ளிஃபயரைப் போடுகிறவனுக்குக் கொழுப்பு அதிகம் என்பது என் மனைவியின் கட்சி. திண்டுக்கல் வெயில் போதாதென்று, கண்ணாடிக் குழாய்கள் வரிசையாகச் சிவந்து எரிந்தால் கூடம் கொதிக்கத்தான் செய்யும். "மேல தோசை ஊத்திரட்டுமா?" என்று கேட்டுவிட்டு மின்விசிறியைக் கூட்டுவாள். விசிறிச் சத்தத்தில் பாட்டின் நயம் போய்விடும். நான் குறைப்பேன். அவள் மறுபடி வந்து கூட்டுவாள்.

வால்வு என்று நான் சொல்வது பழைய ரேடியோவுக்குள் எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாயை. இன்றைக்கு உள்ளங்கை அளவு டப்பா ஒன்று எல்லாப் பாட்டையும் பாடிவிடுகிறது. என் மகள் அப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்து, "இதுலயே பாட்டு வருதுல்லப்பா, அப்புறம் எதுக்கு இந்த அடுப்பு?" என்றாள். வரத்தான் செய்கிறது, யார் இல்லையென்றது? பையில் அடைத்த பரோட்டாவும்தான் கடையில் கிடைக்கிறது. நான் கணக்கு வாத்தியார். பகலெல்லாம் செம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டை வற்றக் கத்திவிட்டு வருகிறவனுக்குச் சாயங்காலம் வயர் பற்றவைக்கிற ஈயம் உருகும் வாசனை ஒரு சுகம். அவ்வளவுதான் காரணம் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மைக் காரணம் ஒரு கேசட்.

என் மனைவி கல்யாணத்துக்கு முன்பு கோயில் பாடகர் குழுவில் இருந்தவள். ஒரு கிறிஸ்துமஸ் பூசையில் நான் கீழே உட்கார்ந்திருக்க, மேலே பாடகர் மாடியிலிருந்து ஒரு பெண் குரல் இறங்கி வந்தது. பூசை முடிகிற வரைக்கும் நான் ஜெபம் ஒன்றும் சொல்லவில்லை. படியடியில் போய் நின்றேன். ஒரே நிறச் சேலையில் எல்லாரும் இறங்கினார்கள். பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவள்தான் அந்தக் குரல் என்று முடிவுகட்டி, அக்காவை விட்டு விசாரித்து, பெண் கேட்டுப் போய்விட்டேன். முகம் பார்த்துக் கட்டுகிறவர்கள் உண்டு, நகை பார்த்துக் கட்டுகிறவர்கள் உண்டு. நான் குரலைக் கேட்டுக் கட்டினேன் என்று பள்ளிக்கூட ஆசிரியர் அறை முழுக்கப் பீற்றிக்கொண்டதுண்டு.

கல்யாணமான புதிதில் பாடச் சொன்னால் சிரித்துவிட்டு எழுந்து போவாள். பிள்ளைகள் பிறந்தார்கள். பிறகு கழுத்தில் தைராய்டுக் கட்டி வந்து ஆப்பரேஷன் செய்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, குரல்தான் கரகரத்துப்போனது. அதோடு கோயிலில்கூட அவள் வாய் திறந்து பாடி நான் பார்க்கவில்லை. அவள் குரலில் மிச்சம் இருந்தது, பாடகர் குழு ஒத்திகையில் யாரோ பிடித்த அந்தக் கேசட் மட்டும்தான். எங்கள் பிள்ளைகள் தங்கள் அம்மா பாடிக் கேட்டதே இல்லை. எங்கள் கல்யாண வெள்ளிவிழாவுக்கு அவர்கள் வருகிறபோது அந்தக் குரலைச் சுத்தமாக, எதிரே நின்று பாடுவதுபோலக் கேட்கவைத்துவிட வேண்டும். என் கிறுக்கெல்லாம் அதற்குத்தான்.

ஆம்ப்ளிஃபயர் கட்டுவது ஊர் சுற்றுகிற வேலை. டிரான்ஸ்பார்மரைச் செம்பட்டியில் போர்வெல் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவரிடம் கொடுத்தேன். அவர் எத்தனை ஹெச்.பி. என்று கேட்டார். பாட்டு கேட்க என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி சார், எதுக்கும் தண்ணி படாம வச்சுக்கங்க" என்றார். இரும்புப் பெட்டியைத் திண்டுக்கல்லிலேயே ஒரு பீரோ பட்டறையில் செய்யச் சொன்னேன். வாங்கப் போனால் பின்பக்கக் கதவில் அழகாக ஒரு பூட்டும் வைத்திருந்தார்கள். நான் கேட்கவே இல்லையே என்றேன். "திண்டுக்கல்ல செஞ்ச பெட்டியில பூட்டு இல்லைன்னா வெளிய சொல்லிக்கிற முடியுமா சார்?" என்றார் பட்டறைக்காரர். உள்ளே ஆளைத் தூக்கி அடிக்கிற அளவுக்குக் கரண்ட் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், என் மனைவி அந்தச் சாவியைப் பிடுங்கித் தன் இடுப்புக் கொத்தில் போட்டுக்கொண்டாள். அவள் இல்லாமல் நான் பெட்டியைத் திறக்க முடியாது.

எல்லாம் பூட்டிக் கேசட்டைப் போட்டால், அந்தக் குரல் வந்தது. ஆனால் அதன் அடியில் ஒரு கலங்கல். குளத்துத் தண்ணீரில் வண்டல் கிளம்பினாற்போல ஏதோ ஒன்று கீழேயே இழுபட்டு வந்து குரலை மழுங்கடித்தது. எனக்கு வந்ததே ஆத்திரம். எர்த் கம்பியை மாற்றினேன். வயர்களை முறுக்கி முறுக்கி ஓட்டினேன். செம்பட்டிக்காரர் முகத்தைச் சுளிக்கச் சுளிக்க டிரான்ஸ்பார்மரைத் திரும்பச் சுற்றவைத்தேன். போவேனா என்றது.

பழனியில் லாட்ஜ் நடத்தும் நண்பர் ஒருவருக்கும் இதே கிறுக்கு உண்டு. பாட்டைப் போனிலேயே ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, கரண்ட் இரைச்சல்னா பாட்டு நின்னாலும் கேக்கோணுமுங்க. உங்களுது பாட்டோட வந்து பாட்டோட போகுதுங்களே. அது கேசட்டுலயே இருக்கறதுங்க, உட்டுருங்க" என்றார். விடுகிற ஆளா நான்? கேசட்டில் இருந்தால் என்ன, வெளியே வராமல் தடுக்க வழியில்லையா? உள்ளே ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குப் பாட்டைக் கடத்துகிற கப்பாசிட்டர் உண்டு. அதன் அளவைக் குறைத்தால் அடிச்சுருதி மெலியும். குறைத்தேன். கொஞ்சம் போயிற்று. மனைவியிடம் சாவி வாங்கி இன்னும் குறைத்தேன். இன்னும் போயிற்று. வெள்ளிவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கலங்கல் சுத்தமாகக் கழன்றுவிட்டது. கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னிக்கொண்டு குரல் மட்டும் தனியாக நின்றது.

சமையல்கட்டுக்குப் போய் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். அந்தக் கேசட்டைப் போட்டாலே அவள் உள்ளே போய்விடுவாள். போன குரலை நினைத்து வருத்தப்படுகிறாள் என்று நானும் கூப்பிடுவதில்லை. அன்றைக்கு விடவில்லை. "செத்த நேரம் உக்காரு" என்றேன். பாதி நறுக்கிய முருங்கைக்காயோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பாட்டு ஓடியது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். முடிந்ததும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நான் எங்கங்க?"

"எங்கன்னா? பாடுறதே நீதானே."

"அது நானில்ல. என் பக்கத்துல நிப்பாளே, இப்ப கன்னியாஸ்திரியா வடக்க இருக்காளே, அவ. நான் அவளுக்குக் கீழ ரெண்டாங்குரல் பாடுவேன். அதைத்தான் காணோம்."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. அந்தக் கலங்கல், அந்த வண்டல், எர்த்தை மாற்றியும் போகாத சனியன் என்று நான் திட்டித் தீர்த்தது, அவ்வளவும் இவள். இவளைத் தேடுகிறேன் பேர்வழி என்று இவளையே துடைத்து எடுத்திருக்கிறேன்.

"ஏன் இம்புட்டு நாளாச் சொல்லல?"

"பொண்ணு பாக்க வந்தப்பவே, குரல் கேட்டுத்தான் வந்தேன்னீங்க. எங்கப்பா முன்னாடி, அது நானில்லன்னு சொல்லச் சொல்றீங்களா? அப்புறம் நீங்க அம்புட்டு ஆசையாக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. சொல்ல மனசு வரல." சிரித்தாள். "அவதான் வேணும்னா மடத்துக்குத்தான் எழுதிப் போடணும்." நான் சிரிக்கவில்லை.

அவள் இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து, அந்தச் சின்னச் சாவியைப் பிரித்து என் கையில் வைத்தாள்.

"எடுத்ததை எடுத்த இடத்துல வைங்க."

ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் கொஞ்சநேரம் தங்கியிருக்கும். அது வடிகிற வரைக்கும் கைவைக்கக் கூடாது. இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆப்பரேஷனுக்கு அப்புறம் பாட வரலைன்னு நெனச்சேன்."

"மேல போகத்தான் வராது. கீழ வரும்."

"அப்புறம் ஏன் பாடல?"

"ரெண்டாங்குரலைத் தனியா எப்படிங்க பாடுறது? மேல ஒருத்தர் பாடணும்ல. அவ போயிட்டா. நீங்க ஒரு நாளும் பாடினதில்ல."

பெட்டியைத் திறந்து, பழைய பெரிய கப்பாசிட்டரைத் தேடி எடுத்து, அதே இடத்தில் ஈயம் வைத்தேன். மூடாமலே ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன. மேலே அந்தக் கன்னியாஸ்திரி பாட, அடியில் கலங்கல் கிளம்பியது. கேட்கத் தெரிந்த பிறகு அது கலங்கலாகவே இல்லை. கீழே நின்று நிதானமாக, மேலே போகிறவளை விழாமல் தாங்கிக்கொண்டு ஒரு பெண் பாடினாள்.

இரண்டாவது சரணத்தில் அதே குரல் இன்னோரிடத்திலிருந்தும் வந்தது. கொஞ்சம் கரகரப்பாக, முருங்கைக்காயைக் கையில் பிடித்தபடி, நாற்காலியிலிருந்து. நான் ஆம்ப்ளிஃபயரின் ஒரு குமிழையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.