தாலியை வைத்து அளந்த கரண்டி

தண்ணீருக்குள் தொலைந்த பொருளைத் தோண்டி எடுக்க எந்த மாதிரிக் கரண்டி வேண்டும் என்று யாராவது கேட்டால், இப்போது நான் மூச்சு விடாமல் சொல்வேன். போன புரட்டாசி வரை எனக்கு அதெல்லாம் தெரியாது. குழம்புக்கு ஒரு கரண்டி, வடை அரிக்க ஒரு கண் கரண்டி, அதற்கு மேல் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது என்றுதான் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் கண்ணிவெடி தேடுகிற வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபிறகும் பூமிக்குள் எதையாவது தேடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வாரம் முழுக்க ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டி வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால், ஆசை ஆசையாக வாங்கி வைத்திருக்கும் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு ஓடை, வாய்க்கால் என்று கிளம்பிவிடுவார். நீளமான கம்பி நுனியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வளையம். தண்ணீருக்குள் முக்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அடியில் உலோகம் இருந்தால் கீச்சென்று கத்தும். அவர் கொண்டுவந்து சேர்த்ததெல்லாம் சோடா மூடியும் ஊக்கும் செல்லாத காசும்தான். "என்ன, இன்னைக்குப் புதையல் மாட்டு வண்டியில வருதா, லாரியில வருதா?" என்று கேட்பேன். "ஒனக்குப் பங்கு கெடையாது போ" என்பார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தன.

எங்கள் மகனும் பட்டாளம்தான். வடக்கே எல்லையில் இருக்கிறான். மருமகள் எங்களோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு கிருஷ்ணன்கோவிலில் ஒரு கல்லூரி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாள். நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கிற யூனிட்டுக்குப் போகிறேன். காலையில் ஆளுக்கொரு திசையில் பஸ் ஏறி, சாயங்காலம் ஒரே அடுப்படியில் வந்து நிற்போம். சண்டையெல்லாம் உண்டு. அவள் புளி கரைக்கிற லட்சணத்தை நான் பேசுவேன், என் டீயை அவள் பேசுவாள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செண்பகத்தோப்பு போகிற வழியில் எங்கள் சொந்தக்காரர் தென்னந்தோப்புக்குப் போயிருந்தோம். தோப்பை ஒட்டி ஓடை ஓடுகிறது. இடுப்பளவு தண்ணீர், அடியில் பருமணலும் கூழாங்கல்லும். மருமகள் ஒரு முங்கு முங்கி எழுந்தாள். எழுந்தவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கயிற்றோடு தாலி போய்விட்டது.

கயிறு நைந்திருந்தது எனக்குத் தெரியும். ஆடிப் பதினெட்டுக்கு நான் புதுக்கயிறு வாங்கி மஞ்சள் தடவி வைத்திருந்தேன். "அவிய லீவுல வரட்டும் அத்தை. அவிய முன்னாடி மாத்திக்கிடுதேன்" என்றாள். ஆசையாகச் சொல்கிறாளே என்று விட்டுவிட்டேன். லீவு தள்ளிக்கொண்டே போனது. அந்த வாரம்தான் அவன் போன் பண்ணி, சிக்னல் எட்டாத போஸ்ட்டுக்குப் போகிறேன், கொஞ்ச நாளைக்குப் பேச முடியாது, பயப்படாதீர்கள் என்று சொல்லியிருந்தான்.

பயப்படாமல் இருக்க முடியுமா? தாலி போனால் என்ன ஆகிவிடும் என்று ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவள்தான் நான். என் பிள்ளை எல்லையில் நிற்கும்போது அந்த வாய் எங்கே போனது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு விரலி மஞ்சளை மஞ்சள் நூலில் முடிந்து அவளைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். அவள் கட்டிக்கொண்டாள். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். புதுசு செய்துகொள்ளலாமே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். செய்யத் தெரியாமலா இருக்கிறோம்? அவன் கையால் கட்டியது அதுதானே.

மறுநாள் என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு மிஷினோடு ஓடையில் இறங்கினார். நானும் மருமகளும் இடம் காட்டக் கூடவே இறங்கினோம். அவரிடம் ஏற்கெனவே ஒரு தோண்டுகிற கரண்டி இருந்தது. ஆன்லைனில் வாங்கியது, கடற்கரை மணலுக்கென்று செய்ததாம். லேசாக, பளபளவென்று, பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும். கூழாங்கல்லில் ஓங்கிக் குத்தியதும் அதன் வாய் மடங்கிவிட்டது. அதிலிருந்த ஓட்டைக்குள் என் விரலை விட்டுப் பார்த்தேன், அந்தப் பக்கம் வந்தது. "இது வழியா தாலி என்ன, தாலி கட்டுனவனே போயிருவான்" என்றேன். அவர் மடங்கிய வாயைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தப் பார்த்தார்.

அதைவிடப் பெரிய கூத்து இன்னொன்று. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்ற இடமெல்லாம் மிஷின் கத்தியது. அவர் தோண்டுவார், ஒன்றும் இருக்காது. நாங்கள் தள்ளி நின்றால் சத்தம் நின்றுபோகும். நாங்கள் கிட்டே வந்தால் மறுபடியும் கத்தும். செத்த நேரம் கழித்துத்தான் அவருக்கு விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏட்டி, ஒங்க கால் மெட்டியில்லா கத்துது. ரெண்டு பேரும் கழட்டுங்க, இல்லன்னா கரைக்குப் போங்க."

"மெட்டியக் கழட்டவா? பேச்சப் பாரு" என்றேன். மருமகள் தண்ணீருக்குள் காலைக் காலால் மறைத்துக்கொண்டாள். புருஷன் இருக்கும்போது மெட்டியைக் கழற்றுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அதுவும் அந்த வாரத்தில் அந்தப் பிள்ளையிடம் அதைச் சொல்லலாமா? இரண்டு பேரும் கரையேறி உட்கார்ந்தோம். ஆனால் அவருக்கு முழங்கால் வலி. ஓடுகிற தண்ணீரில் ஒரு கையில் மிஷினையும் ஒரு கையில் கரண்டியையும் வைத்துக்கொண்டு அவரால் நிற்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் ஏறிவிட்டார். மலைமேல் மேகம் கறுத்து இறங்கியிருந்தது. மழை பிடித்துக் காட்டுத்தண்ணீர் வந்தால் ஓடை மணலையே புரட்டிப் போட்டுவிடும், அப்புறம் தேடுவதற்கு ஒன்றும் இருக்காது என்று தோப்புக்காரர் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு யோசனை வந்தது. அவர் மிஷினைப் பிடிக்கட்டும், நான் தோண்டுகிறேன். என் மெட்டி எட்டாத தூரத்தில் நின்று தோண்டுகிற மாதிரி நீளக் காம்பு வைத்த கரண்டி வேண்டும், அவ்வளவுதானே? அடுத்த நாள் வேலை விட்டதும், எங்கள் யூனிட் மிஷின்களுக்கெல்லாம் வெல்டிங் வைக்கிற பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் எங்கள் தமிழிலேயே பேசுவார். விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த வேலையை அப்படியே இறக்கி வைத்தார்.

மூலையில் ஓட்டை போட்ட எவர்சில்வர் தகடுகள் கிடந்தன. ஏதோ பழைய மிஷினின் மூடிகள். கல்லில் குத்தினாலும் மடங்காத கனம். ஒவ்வொன்றிலும் ஓட்டை ஒவ்வோர் அளவு. "தாலி எம்புட்டு பெரிசு இருக்கும்க்கா?" என்று கேட்டார். வாயால் என்ன சொல்வது? நான் திரும்பி நின்று என் தாலியைச் சேலைக்கு வெளியே எடுத்தேன். என்னுடையதும் மருமகளுடையதும் ஒரே ஆசாரி செய்தது, ஒரே அளவு. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், ஆனால் தொடவில்லை. "நீங்களே வச்சுப் பாருங்க" என்று தகடுகளை ஒவ்வொன்றாக என் முன்னால் பிடித்தார். நான் குனிந்து தாலியை ஓட்டையில் வைத்து வைத்துப் பார்த்தேன். முதல் தகட்டில் சர்ரென்று இறங்கியது. இன்னொன்றில் நிமிர்த்தி வைத்தால் நின்றது, சரித்தால் போனது. இன்னொன்றில் ஓட்டை மிகச் சின்னது. "இதுல மணலும் நின்னுக்கிடும், ஒங்களால தூக்க முடியாது" என்றார். கடைசியில் தாலி நிற்கிற, மணல் ஒழுகுகிற ஒரு தகடு அமைந்தது. பட்டறைப் பையன்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த மரியாதைக்கு அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

தகட்டை வளைத்து, வாயைச் சீவி, கூர்மையாக்கிக் கொடுத்தார். காம்புக்கு இரும்புக் குழாய் வேண்டாம், அதற்கும் சேர்த்து மிஷின் கத்தும் என்று என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் மாங்காய் பறிக்கிற துறட்டிக் கம்பு இருந்தது. அதன் கொக்கியைக் கழற்றிவிட்டுக் கரண்டியை மாட்டினோம். மிச்சத் தகட்டில் பட்டறைக்காரர் கேட்காமலே கைக்கரண்டி ஒன்றும் செய்து கொடுத்தார். கல் இடுக்குக்கு ஆகும் என்றார்.

மறுபடியும் இறங்கினோம். இந்தத் தடவை வேலை ஓடியது. அவர் வளையத்தைத் தடவிக்கொண்டே போவார், சத்தம் வந்த இடத்தில் காலால் அடையாளம் வைத்துவிட்டு மிஷினைத் தூக்கிக்கொள்வார், நான் தள்ளி நின்று துறட்டிக் கரண்டியால் வாரி எடுப்பேன். தண்ணீர் ஒழுகும், மணல் ஒழுகும், கூழாங்கல் நிற்கும். கரையில் உட்கார்ந்து மருமகள் ஒவ்வொரு வாரலையும் கையால் துழாவுவாள். சாவி வந்தது. ஊக்கு வந்தது. யாரோ ஒரு பிள்ளையின் கொலுசுத் திருகாணி வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் முகம் மலர்ந்து வாடியதை என்னால் பார்க்க முடியவில்லை. மலையில் இடி உருண்டது.

ஓடை திரும்பி, தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்குகிற இடத்தில் ஒரு பெரிய பாறை. அதன் அடியில் வளையத்தைச் செருகியவர் அசையாமல் நின்றார்.

"இது வேற சத்தம்" என்றார்.

நீளக் கரண்டி பாறைக்கு அடியில் நுழையவில்லை. கைக்கரண்டியோடு நான் அவர் பக்கத்தில் போனேன். மிஷின் காது கிழியக் கத்தியது. இடுக்குக்குள் எந்தப் பக்கம் என்று சத்தத்தை வைத்துத்தான் அவர் சொல்ல வேண்டும். கரண்டியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டேன், அப்போதும் என் மெட்டி சத்தத்தில் அது அமுங்கிப்போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகள் கரையிலிருந்து இறங்கி வந்தாள். "நான் தோண்டுதேன் அத்தை" என்று ஒரு கல்லில் உட்கார்ந்து தன் கால் விரலில் கையை வைத்தாள்.

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ. "கைய எடுட்டி" என்றேன். "ஒம் புருசன் கண்ணுக்கெட்டாத தூரத்துல இருக்கான். எம் புருசன் இந்தா, கண்ணு முன்னால நிக்காக. நான் கழட்டுதேன்."

கல்யாணத்தன்று போட்டது. ஒரு பிரசவத்துக்குக்கூட நான் அதைக் கழற்றியதில்லை. விரல் பருத்து வெள்ளி உள்ளே புதைந்திருந்தது. கரையில் யாரோ குளித்துவிட்டு விட்டுப்போன சோப்புத் துண்டைப் போட்டு, மருமகள் அழுதுகொண்டே திருகி எடுத்தாள். நான் அவள் முந்தானையில் முடிந்து வைக்கச் சொன்னேன். அவரை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

"ஏட்டி" என்றார் அவர். "நான் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ தோண்டு."

தோண்டினேன். இடப்பக்கம் என்றார், இன்னும் உள்ளே என்றார். முதலில் வெறும் கல். அடுத்த வாரலில் தண்ணீர் ஒழுகி முடிந்தபோது, சாயம் போன மஞ்சள் கயிறு கரண்டி ஓட்டையில் வால் மாதிரித் தொங்கியது. முடிச்சு அவிழாமல் தாலி கரண்டிக்குள் கிடந்தது. மருமகள் அதை இரண்டு கையிலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

மகன் அந்த வாரமே பேசினான். நன்றாக இருக்கிறான், நல்ல குளிராம். நடந்ததை அவள்தான் சொன்னாள். "அம்மா, இனிமே அப்பாவக் கிண்டல் பண்ணுவியா?" என்று கேட்டான். மாட்டேன் என்றேன், அது நடக்காது என்று அவனுக்கும் தெரியும். பட்டறைக்காரர் வீட்டுக்கு அதிரசம் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த மிஷினுக்கு, அந்தப் பாறைக்கு, மழையைக் கொஞ்சம் நிறுத்தி வைத்த மலைக்கு, யாருக்கெல்லாம் நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாரையும் இன்றைக்கும் மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் மகனிடம் நாங்கள் மூன்று பேருமே சொல்லவில்லை. தாலி கிடைத்ததும் நான் மெட்டியைப் போட்டுக்கொள்ள மருமகளிடம் கையை நீட்டினேன். அவர் குறுக்கே வந்து வாங்கிக்கொண்டார். மிஷினைப் பாறைமேல் சாய்த்து வைத்துவிட்டு, "கால இங்க வையி" என்றார்.

"முழங்கால் வலிக்குமுங்க. தோப்புல ஆளுக பாக்காக."

"பாக்கட்டும்."

பாறையில் காலை வைத்தேன். அவர் ஓடைக்குள் முழங்காலை மடக்கிக் குனிந்தார். அம்மிமேல் என் காலை வைத்து அவர் இதே மெட்டியைப் போட்ட அன்றைக்கு, நான் விழுந்துவிடாமல் என் மாமியார் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் மருமகள்.