அறுபதாம் படியில் நான் வாசித்த காகிதம்

யுவ வருஷம் ஆவணி மாதம். நம் கிணறு வற்றி அது இரண்டாவது வருஷம். உங்கள் அம்மா வயிற்றில் பெரியவன் ஆறு மாதம். எனக்கு வேலை இல்லை. எட்டாம் வகுப்புப் பரீட்சை தேறியவன் என்று ஊரில் பெயர் மட்டும் இருந்தது. அடுத்தவர் காட்டில் கூலிக்குக் கடலைக்கொடி பிடுங்கப் போனால், "பரீட்சை தேறுன கையிங்களா இது" என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே பிடுங்குவேன். வேறு என்ன செய்வது?

கண்ணுகளா, அந்த ஆவணியில் நான் மாட்டிக்கொண்டதையும், திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கும் அம்மையப்பன் என்னை விடுவித்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பெரிய அதிசயம் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் நடந்தது இது.

சேலத்திலிருந்து ஓர் இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர் திருச்செங்கோட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரிந்த, உறவுக்காரர் நிறைய உள்ள ஆள் ஒருவர் அவருக்கு வேண்டியிருந்தது. என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதம் கொடுத்தார். மாதம் இருபத்தைந்து ரூபாய் சம்பளம். அதற்கு மேல் கமிஷன். ஒரு மாதத்துக்குள் மூன்று பேரைப் பாலிசிக்குச் சேர்த்துவிட்டால் வேலை நிச்சயம். என் வாழ்நாளில் எனக்கு வேலை தருவதாக வந்த முதல் காகிதம் அது. எழுத்துக் கூட்டி நாலைந்து முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த இருபத்தைந்து மட்டும்தான் கண்ணில் பட்டது.

உங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டே கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க, சம்பளம் ஆறு மாசத்துக்குன்னு போட்டிருக்குதுன்னீங்களே. ஏழாம் மாசம்?"

அதற்குப் பிறகு கமிஷன் மட்டும்தான் என்றேன்.

"மூணு பேரு நம்ம சொந்தத்துல கெடைப்பாங்க. நாலாவது ஆளுக்கு எங்கீங்க போவீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லாதவனிடம் இப்படிக் கேட்கலாமா என்று கத்திவிட்டேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த இரண்டு கேள்விகளையும் இப்போது எழுதி வைக்கிறேன். வேலைக்காகிதம் வந்தால் யாரும் கேட்க வேண்டிய கேள்விகள் அவை.

இரண்டு பேர் சீக்கிரமே சேர்ந்தார்கள். மூன்றாவதாக உங்கள் பெரிய மாமன், நல்லமுத்து மச்சானிடம் போனேன். நாலு மைலுக்கு அந்தப் பக்கம் அவர் தோட்டம். அப்போது உங்கள் மாமனுக்கு இரண்டும் சிறு பெண் குழந்தைகள். கேலி பேச அவருக்குச் சொல்லித்தர வேண்டாம்.

"என்னுங்க மாப்ள, என்ற உசுருக்கு வெல போட வந்தீங்களாக்கும்? போடுங்க போடுங்க. எருமைக்குப் போடறத விட ஒரு ரூவா சேத்திப் போட்டுருங்க."

மச்சான் சம்சாரம், உங்கள் பாவாயி அத்தைக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. விளக்கு வைக்கிற வீட்டில் சாவைப் பற்றி என்ன பேச்சு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மச்சான் கேட்கவில்லை. வியாழக்கிழமை கம்பெனி டாக்டர் வருகிற நாள் என்றதும் என்னோடு திருச்செங்கோட்டுக்கு வந்து மார்பைக் காட்டினார், நாக்கை நீட்டினார், கையெழுத்துப் போட்டார்.

இனி என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. காகிதத்தின் அடியில் ஏஜெண்டு எழுதித் தர வேண்டியது அது. இவரை இன்று நேரில் பார்த்தேன், திடமாக இருக்கிறார், இது உண்மை. இவ்வளவுதான் அதன் அர்த்தம்.

அன்று அஷ்டமி. வேலையை என் கையில் கொடுக்கப் போகிற கையெழுத்தை அஷ்டமியில் வைப்பதா? வெள்ளி நவமி. சனிக்கிழமை எதையும் தொடங்க மாட்டோம். திங்கட்கிழமை நாள் நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர் வருவதும் அன்றுதான். மச்சான் சிரித்தார். "எனக்கு எல்லா நாளும் ஒண்ணுதானுங்க" என்றார். நான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மச்சானுக்குக் காய்ச்சல்.

முதலில் யாரும் கவலைப்படவில்லை. சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது என்னைத் தெரிந்தது, பேச முடியவில்லை. திங்கட்கிழமை அவருக்கு யாரையும் தெரியவில்லை. அங்கிருந்து நேராக இன்ஸ்பெக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, வியாழக்கிழமை அவரு நல்லாத்தானே இருந்தாரு?"

ஆமாம் என்றேன்.

"நீயும் பாத்தே, டாக்டரும் பாத்தாரு. அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருந்தா இப்ப இந்தப் பேச்சே இல்ல. வியாழக்கிழமை தேதிய எழுதிப் போடு. இதுல பொய் எங்க இருக்குது? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அந்தம்மாவுக்கும் கொழந்தைங்களுக்கும் யாரு இருக்கா? யோசிச்சு வை. நான் இந்த வியாழக்கிழமை வாரப்போ குடு."

பொய் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்தேன். தேதியில் மட்டும்தான் இருந்தது. நாலு நாள். ஆனால் அந்த நாலு நாளுக்குள்தான் காய்ச்சல் இருந்தது.

புதன்கிழமை ஆஸ்பத்திரி டாக்டர் வந்து டைபாய்டு என்று சொல்லிவிட்டார். மூன்று வாரம் தாண்ட வேண்டும், தாண்டினால் பார்க்கலாம் என்றார்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? கையெழுத்துப் போட்டால், மச்சான் போய்விடுவார் என்று கணக்குப் பண்ணினவன் ஆவேன். போடாவிட்டால், அவர் போன பிறகு அவர் பிள்ளைகளைத் தெருவில் விட்டவன் ஆவேன். போட்டால் எனக்கு வேலை. அதனாலேயே போடக் கூசியது. போடாமல் இருப்பதற்கும் கூசியது. என் கை சுத்தமாக இருக்க அந்தக் குழந்தைகளா விலை? நல்ல நாள் பார்த்தவன் நான். அன்றே போட்டிருந்தால் எல்லாம் உண்மையாகவே முடிந்திருக்கும். சட்டைப் பையில் அந்தக் காகிதம் இருந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. மச்சான் கட்டிலருகே உட்கார்ந்தால் நெஞ்சில் அது உறுத்தும். கழற்றி வைத்துவிட்டுப் போகவும் பயம்.

உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு அது அண்ணன். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அண்ணனுக்காகப் பாக்கறதா, அண்ணன் புள்ளைகளுக்காகப் பாக்கறதா? எனக்குத் தெரியலீங்க. நீங்க மலைக்குப் போயிட்டு வாங்க."

வியாழக்கிழமை காலையில் திருச்செங்கோட்டு மலை ஏறினேன். ஏறும்போது நான் வேண்டிக்கொண்டதை மறைக்காமல் சொல்கிறேன். மச்சானைக் காப்பாற்று, இந்த வேலையும் கை தவறக் கூடாது. இதைத்தான் படிக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டு போனேன்.

அறுபதாம் படி உங்களுக்குத் தெரியும். வழக்கு வம்பு என்றால் நம் பக்கத்து ஜனங்கள் அங்கே நின்றுதான் சத்தியம் செய்வார்கள். கோர்ட்டில் பொய் சொன்னவன்கூட அந்தப் படியில் வாய் திறக்க மாட்டான். நான் அங்கே நின்றேன். காகிதத்தை எடுத்தேன். இதில் பொய் இல்லை என்றால் இங்கே சத்தமாக வாசித்துவிடலாமே என்று தோன்றியது. வாசித்துவிட்டால் போதும், அங்கேயே கையெழுத்தைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம்.

இவரை இன்று நேரில் பார்த்தேன் என்பது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. முந்தின நாள் பார்த்த மச்சானின் காய்ந்த உதடுதான் கண் முன்னால் நின்றது. இன்னொரு முறை முயன்றேன். அதே வார்த்தையில் நின்றது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஏறுகிறவர்கள் விலகிப் போனார்கள்.

அப்போதுதான் என் வேண்டுதல் மாறியது. அம்மையப்பா, வேலை வேண்டாம். முடியாது என்று சொல்லும் தைரியத்தைக் கொடு. மச்சானையும் அந்தக் குழந்தைகளையும் நீயே பார்த்துக்கொள். என்னால் ஆகவில்லை.

சன்னதிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். அடிவாரத்துக் காபிக் கிளப்பில் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். முடியாதுங்க என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குக் கொடுத்த வேலைக்காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"காபியக் குடிச்சிட்டுப் போ. இது கம்பெனிக் காசு இல்ல, என் காசு" என்றார். குடித்தேன். அவ்வளவுதான் என் முதல் வேலை.

இனிமேல்தான் கஷ்டம். அத்தையிடம் சொல்ல வேண்டும். நாலு மைலும் நடந்தே போனேன். வாசலில் அவள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் காகிதம் போகவில்லை, நான் அனுப்பவில்லை, உங்களுக்கு ஒன்றும் வராது என்று ஒரே மூச்சில் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் ஆற்றுவதை நிறுத்தினாள்.

"போகலீங்களா அண்ணா? நெசமாலுமே போகலீங்களா?"

போகவில்லை என்றேன்.

"காய்ச்சல் வந்த நாள்ல இருந்து அதத்தானுங்க கும்பிட்டுட்டு இருக்கறேன். அந்தக் காயிதம் போயிச் சேந்துதுன்னா இவரும் போயிருவாருன்னு என்ற மனசுல விழுந்துருச்சு. உங்களுக்கு வேலை போயிருமேன்னுதான் வாயத் தொறக்கல."

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்றேன். ஒரு வாரமாக எந்தக் குழந்தைகளுக்காக என்று நான் மனதுக்குள் அடித்துக்கொண்டேனோ, அந்தக் குழந்தைகளின் தாய் அதற்கு நேர் எதிராக வேண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவர் வேண்டுதலையும் ஒரே பதிலால் அம்மையப்பன் முடித்துவிட்டார். அது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆனாலும் உடனே விடிந்துவிடவில்லை. இன்னும் இரண்டு வாரம் மச்சான் அப்படியே கிடந்தார். இருபத்தோராம் நாள் வேர்த்தது. மறுநாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"என்னுங்க மாப்ள, என்ற வெல ஏறியிருக்குதா, எறங்கியிருக்குதா?"

பக்கத்தில் இருந்த உங்கள் அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

தை மாதம் குமாரபாளையத்தில் நூல் கடையில் எனக்கு எழுத்து வேலை கிடைத்தது. சம்பளம் அந்த இருபத்தைந்தில் பாதிகூட இல்லை. ஆனால் ஏழாம் மாதமும் வந்தது. இன்றைக்கும் வருகிறது. நீங்கள் அதில் சாப்பிட்டுத்தான் வளர்ந்தீர்கள். மாமன் பிற்பாடு இன்ஷூரன்ஸ் எடுத்தார், வேறொரு ஏஜெண்டிடம். நாள் பார்க்காத ஆளாகத் தேடிப் பிடித்தேன் என்று இன்னமும் என்னைக் கிண்டல் செய்கிறார். நானும் அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல நாள் பார்ப்பதில்லை.

அந்தக் காகிதம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மாமன் கையெழுத்து இருக்கும், என் இடம் காலியாக இருக்கும். எடுத்துப் பாருங்கள்.

உங்களுக்கும் ஒரு நாள் வேலைக்காகிதம் வரும் சாமிகளா. நன்றாகப் படியுங்கள். உங்கள் அம்மா கேட்ட இரண்டு கேள்வியையும் கேளுங்கள். பிறகு நீங்கள் எதில் கையெழுத்துப் போட வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டு அறுபதாம் படிக்குப் போய் வாய்விட்டு வாசியுங்கள். வாய் வந்தால் போடுங்கள். வராவிட்டால் அம்மையப்பனிடம் அப்படியே சொல்லிவிட்டு இறங்கி வாருங்கள். கீழே என்ன இருக்கும் என்று பயப்பட வேண்டாம். அன்றைக்கு எனக்கும் தெரியாது.