கலப்பில்லாத ஒரு போத்தல் பெற்றோல்

என் புருஷனுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் விசர். கோபத்தில் சொல்லவில்லை. சரி, கோபத்தில்தான் சொல்கிறேன். நான் எட்டு மாத வயிற்றோடு கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நிற்பேன். அவர் முற்றத்தில் சாக்கை விரித்து அந்தச் சைக்கிளின் குடலை எடுத்துப் பரப்பி வைத்திருப்பார். பிளக்கைத் துடைக்கிற பக்குவத்தில் பாதியளவாவது என் வீங்கின காலைப் பிடித்து விட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

அப்போது சாம்பல்தீவில் இருந்தோம். சண்டைக் காலம். பெற்றோல் டவுனோடு சரி, ஊருக்குள் கொண்டுவரத் தடை. டாங்கில் அடித்துக்கொண்டு வந்தாலும் ஆமிச் சென்றியில் மறித்து, மூடியைத் திறந்து மணந்து பார்ப்பார்கள். அதனால் ஊரில் எல்லாச் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் குளிர்ந்த இஞ்சின் ஸ்டார்ட் எடுக்காது. பழைய ஊசிக் குழாயில் கொஞ்சம் நல்ல பெற்றோல் எடுத்து காபரேட்டருக்குள் பீச்சி, ஒரு உதை உதைத்தால் பிடித்துக்கொள்ளும். பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு போகும். இதற்காகவே ஒவ்வொரு வீட்டிலும் எங்கேயாவது ஒரு சின்னப் போத்தல் பெற்றோல் ஒளிந்திருக்கும். எங்கள் வீட்டில் அது தீர்ந்துபோயிருந்தது. பிள்ளைப்பேற்றுக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக எங்களுக்கிருந்த ஒரே வாகனம் அந்தச் சைக்கிள்தான்.

"ஒரு போத்தல் தேடி வையுங்கோ. எனக்கு நோ வந்தா என்ன செய்யிறது?" என்று தினமும் சொன்னேன். அவர் தேடத்தான் தேடினார். எனக்காக இல்லை, ரேசுக்காக.

சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த மாதங்கள் அவை. சல்லிக் கடற்கரையில் ஈர மணலில் மோட்டார் சைக்கிள் ரேஸ் வைக்கப் பொடியன்கள் முடிவெடுத்திருந்தார்கள். முந்தின முறை டவுனிலிருந்து வந்த ஒருவன் பெற்றோலில் புண் கழுவுகிற ஸ்பிரித்துக் கலந்து ஓடி எல்லாரையும் மண் தின்ன வைத்ததில் அடிபிடியாகி இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. ஆகவே இந்த முறை சட்டம்: கலப்பில்லாத பெற்றோல் மட்டும். மண்ணெண்ணெயும் ஏலாது, ஸ்பிரித்தும் ஏலாது. பார்க்கிறதுக்குப் பள்ளிக்கூடத்துச் சயன்ஸ் மாஸ்டர். ஒரு சொட்டைக் கடதாசியில் விடுவார். காய்ந்த இடத்தில் எண்ணெய்க் கறை நின்றால் மண்ணெண்ணெய். பிறகு கண்ணாடிப் போத்தலில் பாதி தண்ணீர், பாதி பெற்றோல் விட்டுக் குலுக்குவார். தண்ணீர் நின்ற மட்டத்தில் முன்பே ஒரு றப்பர் வளையம் போட்டிருக்கும். ஸ்பிரித்து தண்ணீரோடு சேர்ந்துவிடும்; தண்ணீர் வளையத்துக்கு மேலே ஏறினால் ஸ்பிரித்து, ஆள் வெளியே.

என்ர மனிசன் டவுனெல்லாம் அலைந்து கள்ளமாய் விற்கிறவர்களிடம் மருந்துப் போத்தலில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிவந்து, குசினியில் என் கண் முன்னால் இந்தச் சோதனையைச் செய்தார். எல்லாம் கலப்பு. கடைசியில் அவருடைய சிநேகிதன் ஒருவர் கை கொடுத்தார். சீனன்குடா எண்ணெய்க் குதத்தில் வேலை செய்தவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர். தேத்தண்ணிப் பிளாஸ்கில் பெற்றோலை விட்டு, சாப்பாட்டுப் பையில் வைத்து, மூன்று சென்றி தாண்டிக் கொண்டுவந்தார். பிடிபட்டிருந்தால் ஆளை மறுபடி பார்த்திருக்க மாட்டோம். அதை ஒரு கபிலப் போத்தலில் ஊற்றிக் கொடுத்து, "சுத்தச் சாமான் மச்சான், கண்ணை மூடிக்கொண்டு ஓடு" என்றார். கடதாசியில் கறை இல்லை. தண்ணீர் வளையத்தில் அப்படியே நின்றது.

"அப்ப எனக்கு?" என்று கேட்டேன்.

"ரேஸ் முடிய மிஞ்சினா உனக்குத்தானே."

மிஞ்சினால்! எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பற்றி எரிந்தது. ஒரு போத்தலை டாங்கில் ஊற்றிக் கடற்கரையில் ஐந்து முறை போய் வந்தால் என்ன மிஞ்சும், மணம் மிஞ்சும்.

அடுத்த நாள் டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக் கொடுக்கிற என் சித்தி மகளிடம் போனேன். காலில் புண் என்று சொல்லி ஸ்பிரித்து வாங்கினேன். என்ர மனிசன் குளிக்கப் போன நேரம் அலுமாரியிலிருந்து போத்தலை எடுத்து, கொஞ்சப் பெற்றோலை மண்ணில் ஊற்றிவிட்டு, ஸ்பிரித்தால் நிரப்பி மூடினேன். மாஸ்டர் வேண்டாம் என்பார், போத்தல் முழுசாய் வீட்டுக்கு வரும், எனக்கு ஆகும். ஸ்பிரித்தும் எரிகிற சாமான்தானே என்று நினைத்தேன்.

ரேசுக்கு நானும் போனேன். மாஸ்டர் குலுக்கினார். தண்ணீர் வளையத்துக்கு மேலே அரை விரல் ஏறி நின்றது. சனம் ஊவென்று கூவியது. "இதென்ன அண்ணை, ரேசோ, ஊசி போடுறதோ?" என்று ஒருவன் கத்தினான். என்ர மனிசன் முகம் கறுத்துப்போய்த் திரும்பினார். சிநேகிதன் கைதட்டிப் பார்க்கவென்று முன்வரிசையில் வந்து நின்றிருந்தார். அவருடைய கன்னத்தில் பளாரென்று விழுந்தது.

"நான் கலக்கேல்லை மச்சான். என்ர பிள்ளையள் மேல சத்தியம்."

இரண்டாவது அடியும் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பாவமாய்த்தான் இருந்தது. ஆனால் அதைவிடச் சந்தோசமாய் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. போத்தலை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆறாம் நாள் விடியக் காலமே நோ வந்தது. அவர் ஓடிப்போய்ப் போத்தலை எடுத்துக் குழாயில் உறிஞ்சிக் காபரேட்டருக்குள் பீச்சி உதைத்தார். இல்லை. மறுபடி பீச்சினார், மறுபடி உதைத்தார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தண்ணீர் முத்து முத்தாய் நின்றது. அந்த ஸ்பிரித்திலும் தண்ணீர் கலந்திருந்தது என்று பிறகுதான் அறிந்தேன். தட்டுப்பாட்டில் டிஸ்பென்சரியில் அதற்கும் தண்ணீர் விட்டுப் பெருக்கியிருக்கிறார்கள். உதைத்து உதைத்து அவருடைய குதிக்கால் கிழிந்து ரத்தம் வந்தது. "நாய்ப் பயல், நாய்ப் பயல்" என்று சிநேகிதனைத் திட்டித் திட்டி உதைத்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் பக்கத்து வீட்டுத் துவிச்சக்கர வண்டியின் கரியரில் என்னை இருத்தித் தள்ளிக்கொண்டு போனார். சென்றியில் வரிசை. என் வயிற்றைப் பார்த்தும் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளையை எடுத்தபோது சத்தம் இல்லை. ஆம்பிளைப் பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்று மிட்வைஃப் என்னைத்தான் ஏசினா.

அதற்குப் பிறகு சிநேகிதனை ஊர் விடவில்லை. தேத்தண்ணிக் கடையில் அவர் நுழைந்தால், "அண்ணை, பாலில எத்தினை பங்கு ஸ்பிரித்து?" என்று கேட்பார்கள். அவர் எங்கள் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். என்ர மனிசன் இன்றைக்கும் கோபம் வந்தால், "என்ர பிள்ளையைச் சாக்காட்டினவன்" என்பார். நான் சோற்றைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன்.

பல வருசம் கழித்து டவுன் சந்தையில் அந்தச் சிநேகிதனைக் கண்டேன். தலை நரைத்து, ஆள் பாதியாய் இருந்தார். என்னைக் கண்டதும் மரக்கறிப் பையைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, நான் கலக்கேல்லை. ஆனா அந்தப் பிளாஸ்கை நான் வடிவாக் காயவிடேல்லையோ, அதுக்குள்ள தண்ணி கிண்ணி நிண்டுதோ எண்டு இத்தினை வருசமா யோசிக்கிறன். அதாலதான் அந்தப் பிள்ளை..."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். சந்தையில் எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

"இருக்கலாம் அண்ணை," என்றேன். "போகட்டும் விடுங்கோ. நாங்கள் மன்னிச்சிட்டம்."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். "பெரிய மனசு தங்கச்சி உங்களுக்கு" என்றார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன்.