புடலம்பிஞ்சும் ஒரு சுட்டுவிரலும்

மாதம் ஒருமுறை எங்கள் அரியாலை வீட்டுக்கு மின்சார மீற்றர் வாசிக்க வருபவர், சிரிக்காத, ஒல்லியான மனிதர். எதைப் பற்றியும் சுட்டுவிரலை நீட்டித்தான் கதைப்பார்.

பிஞ்சை விரலால் காட்டினால் வெம்பிவிடும் என்பதையெல்லாம் நான் நம்புவதில்லை. ஆனால் இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றி, முதல் புடலம்பிஞ்சு தொங்கிய அன்று, அவர் பந்தலைப் பார்த்து, "உது புடலையோ அண்ணை?" என்று விரலைத் தூக்கினார். பாய்ந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் விரலை இழுக்கவில்லை. "எத்தினை காய்ச்சிருக்கு?"

"உந்த ஒண்டுதான், தம்பி." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அப்ப நான் பார்க்கேல்லை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ," என்று கண்களை இறுக மூடிக்கொண்டார்.

பகிடி பண்ணினாரா, பாவம் பார்த்தாரா என்று இன்றும் தெரியவில்லை. அன்றைக்கு அதை யோசிக்க எனக்கு நேரமில்லை. கண்ணைத் திறந்துவிடுவாரோ என்ற பயத்தில், விரலை விடாமலே அவரை வாசல் படலைவரை கூட்டிக்கொண்டுபோய் விட்டேன்.